தலைப்பிரசவத்துக்குப் போன அம்மா

கொழும்பில் மாப்பிள்ளை என்றால் எங்கள் தெருவில் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். முத்துக்குளிப்பை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. சலாபம் என்கிற முத்துக்குளிப்புக் காலம் ஒரு வருஷம் நடந்தால் பல வருஷம் நடக்காது. துறைமுகக் கூலியும் கப்பல் வந்தால்தான். கொழும்புக் கடையில் நிற்பவனுக்கோ மாதம் தவறாமல் சம்பளம் உண்டு. அக்காளைக் கட்டிய மச்சான் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கருவாட்டு மண்டியில் வேலை பார்த்தார். அவர் அனுப்பியதில்தான் நான் கன்னியர் பள்ளியில் படித்து, பயிற்சி முடித்து, ஆசிரியை ஆனேன். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

யுத்தத்துக்கு நடுவில் கல்யாணமாகிப் போன அக்காள், பல வருஷம் கழித்து உண்டானாள். இலங்கை தனி நாடாகியிருந்த சமயம் அது. அம்மா அன்றைக்கே சுக்கும் திப்பிலியும் வாங்கிக் காயவைத்தாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் தெருவில் கூடுதலாக ஒரு வழக்கம் இருந்தது: பிள்ளை சொந்தக் காலில் நடந்த பிறகுதான் அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோவார்கள். ஏழாம் மாதம் வந்து இறங்குகிற பெண், திரும்பிப் போக ஒன்றரை வருஷம் ஆகும். கப்பலுக்குச் சீட்டு வாங்கினால் போதும் என்றிருந்த காலத்தில் அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.

இப்போது பத்திரிகையில் வேறு செய்தி வந்துகொண்டிருந்தது. அங்கே விடாமல் குடியிருந்த இந்தியர்களுக்குத்தான் இனி குடியுரிமை. நெடுநாள் வெளியே போய்விட்டால் குடியிருந்த காலம் கணக்கில் சேராது. உள்ளே நுழைவதற்கே இனி அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்றும் பேச்சு. அக்காள் வந்தால் மச்சானிடம் திரும்பிப் போக முடியாமல் போகலாம். இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"அவ வரவேண்டாம்னா சொல்லுத?" என்றாள் அம்மா.

"அங்கன ஆஸ்பத்திரி இருக்கும்மா. நம்ம ஊரவிடப் பெருசு."

"ஆஸ்பத்திரியில பிள்ள பெத்தவளுக்குக் காயமருந்து கிண்டித் தருவாளா? பிள்ளைய காலுல போட்டுக் குளிப்பாட்டுவாளா? படிச்சிட்டா பேறுகாலமும் தெரியுமோ உனக்கு?"

பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சேர்ந்துகொண்டாள். "ஏளா டீச்சரம்மா, எம்மவ வந்து பெத்துக்கிட்டு ஜம்முன்னு இருக்கா. உங்க அக்கா மட்டும் அநாதையா?"

அவள் மகள் அப்போதுதான் கொழும்பிலிருந்து வந்து பெற்றிருந்தாள். பிள்ளைக்குத் தலை நிற்கவில்லை.

"அத்த, பிள்ள நடக்குத வரைக்கும் காத்திருக்காதீங்க. சீக்கிரம் அனுப்பிருங்க," என்றேன்.

"பால்மணம் மாறாத பிள்ளையக் கடல்ல கொண்டுபோகச் சொல்லுதா பாரு!"

அப்பா சோறு தின்றுகொண்டிருந்தார். எங்கள் கரையில் கடல் ஆழமில்லை. கப்பல் வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கு ஏற்றும் தோணியில் அவருக்கு வேலை. கையைக் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "அவ வரக்கூடாதுன்னா நீ போ. கப்பல் என்ன ஒருபக்கமாவா ஓடுது?"

"நானா? கடல்ல காலு வைக்காதவ நானு!"

"காலு வைக்க வேண்டாம். கப்பல்ல வை."

அத்தை கூடச் சிரித்துவிட்டாள். மகளுக்குப் பேறு பார்க்கத் தாய் கப்பலேறுவதைத் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. இரண்டு நாள் அம்மா சுக்கையும் திப்பிலியையும் வெயிலில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் உடன்குடிக் கருப்பட்டிக்கு ஆள் சொல்லி அனுப்பினாள். பழஞ்சேலைகளைத் துவைத்துக் கிழித்து மடித்தாள். மருந்துச் சாமான் எல்லாவற்றையும் ஓலைப்பெட்டியில் கட்டினாள். அம்மைக்குக் குத்திய ஊசியில் கை வீங்கியதற்கு என்னைத்தான் திட்டினாள்.

புறப்பட்ட அன்று பயணிகளைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் படகில் அவளை ஏற்றிவிட்டு நான் கரையில் நின்றேன். வெங்காய மூட்டையோடு அப்பாவின் தோணியும் அதே நேரம் போனது. படகு துறையைத் தாண்டியதுமே அம்மா வாந்தியெடுக்கத் தொடங்கினாளாம். "ஏளா, கப்பல் இன்னும் அந்தா தூரத்துல நிக்கி! இதுக்கேவா?" என்று தான் தோணியிலிருந்து கத்தியதாக அப்பா சாயங்காலம் வந்து சொன்னார். அப்புறம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் வைத்த குழம்பு காரணமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அக்காளுக்கு ஆண் பிள்ளை. அம்மா நாற்பது நாள் காயம் கொடுத்து, ஞானஸ்நானமும் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே அக்காளுக்குப் பக்கத்து வீட்டுச் சிங்களக்காரியும் காயம் கேட்டு வாங்கித் தின்றாளாம். அம்மா வந்து இறங்கிய கொஞ்ச காலத்திலேயே அனுமதி இல்லாமல் யாரும் இலங்கைக்குள் போக முடியாது என்றாகிவிட்டது. கொழும்பில் பிறந்ததால் பிள்ளைக்கு எந்த உரிமையும் கிடைக்கவில்லை. தகப்பன் அங்கே பிறந்திருந்தால்தான் உண்டாம். அக்காள் கொழும்பைவிட்டு நகராதது மட்டும் உதவியது. மச்சான் குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறார். இனி ஊருக்கு வந்துபோக அவர்களுக்குப் பயம். அம்மா தூக்கிய பிள்ளையை நானும் அப்பாவும் இன்னும் பார்க்கவில்லை.

போன மாதம், கொழும்புக்குத் திரும்ப முடியாமல் இங்கேயே நின்றுபோன பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கள் வாசல் மணலில் நாலெட்டு நடந்தது. வழக்கமாக அன்றைக்கு வெல்லம் கொடுத்து, "எப்ப கப்பலு?" என்று கேட்பார்கள். அம்மா கருப்பட்டித் துண்டு ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். எதுவும் கேட்கவில்லை. அத்தையின் மகள், இன்னும் நடக்கத் துடித்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.