ஏழு பேர் முன்னால் சொன்னது

அத்தை எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் மின்விசிறியை நிறுத்துவாள். பிறகுதான் பேச்சு. எங்கள் வீட்டில், தெரிந்தவர் வீட்டில், ஒருமுறை என் கல்லூரி முதல்வரின் அறையிலும் அப்படித்தான். சேர்க்கைக்குப் போன அன்று முதல்வர் ஏதோ கேட்டார். அத்தை எழுந்துபோய்ச் சுவரில் இருந்த பொத்தானை அமுக்கிவிட்டு வந்து உட்கார்ந்து, "இப்ப சொல்லுங்க சார்" என்றாள். மேசைமேல் படபடத்த காகிதங்கள் அடங்கின. முதல்வரும் அடங்கிப்போனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தரையைப் பார்த்தபடி நின்றேன்.

"உங்க தங்கச்சி வாயைத் திறக்கணும்னா வீடே வேர்த்து ஊத்தணும்" என்று அம்மா அப்பாவிடம் சொல்வாள்.

குழாய் வேலை செய்பவரான அப்பா விட்டுக்கொடுக்க மாட்டார். "அவ பொழைப்பு அப்படி. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் குழாயைத் திருகிப் பாக்கறதில்லையா?"

அத்தையின் பிழைப்பு ட்ராக் பாடுவது. ஒரு பாட்டைப் பெயர்பெற்ற பாடகி பாடுவதற்கு முன்னால், இசையமைப்பாளர் வேறொருத்தியை வைத்து முழுதாகப் பாடவைத்துப் பதிவு செய்வார். அதைக் கேட்டுப் பாடகி கற்றுக்கொண்டு, வந்து பாடிவிட்டுப் போவார். பிறகு முதலில் பாடியதை அழித்துவிடுவார்கள். அந்த அழிகிற குரல்தான் ட்ராக். பன்னிரண்டு வருடம் அத்தை அந்த வேலை செய்தாள். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, விசிறி இல்லாத கண்ணாடி அறையில், பாட்டு எழுதிய தாளைச் சரசரக்காமல் பிடித்தபடி நின்று பாட வேண்டும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. தன்னால் முடிந்ததையெல்லாம் பாடிக் காட்டக் கூடாது. வரப்போகிற பாடகிக்கு எது எட்டுமோ அதை மட்டும் பாட வேண்டும். "அவங்க கால் எட்டற உயரத்துக்குத்தான் நான் படி கட்டணும். என் காலுக்கு இல்ல" என்பாள். அத்தை பெரும்பாலும் படி கட்டியது மூத்த பாடகி ஒருவருக்கு. ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ட்ராக் இல்லாத நாட்களில் அத்தை கோரஸ் பாடுவாள். ஆறு பெண்கள், இரண்டு மைக். அத்தையோடு ஒரே மைக்கில் நின்றவளின் பட்டப்பெயர் கீச்சு. ஒல்லியான, உச்சியில் நிற்கிற குரல். இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள், ஒருத்தி இருமினால் மற்றவள் முந்திக்கொண்டு "நான்தான் சார் இருமினேன்" என்பாளாம்.

ஒரு வருடம் மூத்த பாடகிக்கு உயரத்தில் இருந்த இரண்டு வரிகள் எட்டவில்லை. அத்தை படியைக் குறைத்துத்தான் கட்டியிருந்தாள். இசையமைப்பாளருக்கு அது போதவில்லை. "இல்ல, மேலயே போ" என்று சொல்லிப் பாடவைத்திருந்தார். மூத்த பாடகி மூன்று நாள் வந்து முயன்றுவிட்டு, தொண்டையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். படம் வெளிவர ஒரு வாரம்தான் இருந்தது. அழிக்கப்படாமல் இருந்த அத்தையின் குரலிலிருந்து அந்த இரண்டு வரிகளை எடுத்து நடுவில் ஒட்டினார்கள்.

கச்சிதமாக ஒட்டினார்கள். ஆனால் ஒலிப்பதிவாளர் அவசரத்தில் குரலுக்கு முன்னால் இருந்த மூச்சை வெட்ட மறந்துவிட்டார். மேலே ஏறுவதற்கு முன்னால் அத்தை மூக்கால் ஒரு மூச்சு இழுப்பாள், இரண்டு துண்டாக, விசும்பல் மாதிரி. கேட்கிறவர்களுக்கு அது பாட்டின் சோகம். பன்னிரண்டு வருடம் தோளுரசி நின்று அந்த மூச்சைக் கேட்டவளுக்கு அது தன் சிநேகிதி. கடைத்தெருவில் பாட்டு ஒலித்தபோது கீச்சு நடுவழியில் நின்றுவிட்டாள். நேராக அத்தையிடம் வந்தாள்.

"இது நீதானேடி?"

அத்தை அழுதாள். "என் குரல்தான். யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

"சங்கத்துல சொல்லுவோம். நீ பயப்படுவே. நான் எந்திரிச்சுச் சொல்றேன். நீ பின்னாலயே எந்திரி."

"எந்திரிக்கிறேன்" என்றாள் அத்தை.

அதற்குள் அந்தப் பாட்டு எங்கும் ஒலித்தது. அந்த இரண்டு வரிகளுக்காகவே மூத்த பாடகிக்கு விருது கிடைத்தது. பாடகர் சங்கக் கூட்டத்தில் கீச்சு எழுந்து, அந்த வரிகள் இன்னாருடையவை, பெயர் போடுங்கள் என்றாள். கூட்டம் சிரித்தது. அத்தை எழுவதற்குள் விசாரிக்க ஏழு பேரை நியமித்தார்கள்.

விசாரணை நாளில் சங்கக் கட்டடத்துப் படிக்கட்டிலேயே இசையமைப்பாளர் அத்தையைப் பிடித்துக்கொண்டார். மிரட்டவில்லை. "என் அடுத்த படத்துல மூணு பாட்டு உனக்கு. ட்ராக் இல்ல, உன் பேர்லயே" என்றார். பிறகு, "அந்தம்மாவுக்கு இந்த வயசுல இந்த அவமானம் வேணாம்மா" என்றார். இரண்டில் எது தன்னை அசைத்தது என்று அத்தை கடைசிவரை உறுதியாகச் சொன்னதில்லை. தெரியாமல் இருந்திருக்கலாம். சில நாள் அந்தம்மாவின் வயது என்று சொல்வாள். சில நாள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவாள்.

நீள மேசை. ஏழு பேர். இந்தப் பக்கம் கீச்சு, பக்கத்தில் அத்தை. பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். தலைவர் கேட்டார்.

"அது என் குரல் இல்ல" என்றாள் அத்தை.

கீச்சு அவளைத் திரும்பிப் பார்த்தாள். பொறாமையால் அவதூறு சொன்னதாக மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். "எழுத மாட்டேன்" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள். கோரஸ் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். எந்தக் கூடமும் பிறகு அவளைக் கூப்பிடவில்லை.

மூன்று பாட்டுகள் வந்தன. ஒன்று பெரிதாக ஓடியது. எங்கள் கூரை தளமானது. என் பள்ளி மாறியது. நான் பட்டம் வாங்கிய நாளில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அத்தையிடம் போய், "எல்லாம் உன் தொண்டை போட்ட பிச்சை" என்றார். அவள் கோபத்தோடு, "பிச்சைன்னு சொல்லாதண்ணே" என்றாள். அப்போது அது அடக்கம் என்று நினைத்தேன்.

பாடகியாக அத்தை நேர்மைக்குப் பேர்போனவள். பதிவு செய்த குரலை ஓடவிட்டு மேடையில் வாயசைக்க மாட்டாள். சுருதி பிசகினால் எந்திரத்தால் திருத்த விடமாட்டாள். "பிசகினா பிசகினதாவே இருக்கட்டும். இல்லேன்னா மறுபடி பாடறேன்." ஒருமுறை அமைப்பாளர்கள் அவளுக்குத் தெரியாமல் பழைய பதிவை ஓடவிட்டபோது, மைக்கைக் கீழே இறக்கி மூடிய வாயோடு நின்றாள். பாட்டு தானாக ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் முதலில் குழம்பி, பிறகு கைதட்டியது. அந்த அமைப்பாளர்கள் பிறகு அவளைக் கூப்பிடவில்லை. இப்படி எத்தனையோ வாய்ப்புகள் போயின. பத்திரிகைகள் அவளைப் பாராட்டி எழுதின. அவற்றைக் கத்தரித்து என் பாடப்புத்தக அட்டைக்குள் வைத்திருந்தேன். இப்போது யோசித்தால், ஒருத்தியிடம் வாங்கிய கடனுக்கு ஊருக்கெல்லாம் வட்டி கட்டிக்கொண்டிருந்தாள் என்று தோன்றுகிறது. அப்படிச் சொல்வதும் அநியாயமோ என்னவோ. அவள் பாடியது நிஜமாகவே நல்ல பாட்டு.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது தொண்டையில் முடிச்சு என்று அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன நாளில். காத்திருக்கும் கூடத்தில் ஒலிபெருக்கி, ஒல்லியான, உச்சியில் நிற்கிற ஒரு குரலில் "முப்பத்தொம்பது" என்றது. அத்தை விறைத்து நிமிர்ந்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் சீருடை போட்ட ஒரு பெண் சீட்டு எண்களை அழைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் முறை வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு கோப்பைப் பார்த்தாள்.

"பேரு?"

"தெரியாத மாதிரி கேக்கறியேடி."

"இங்க எல்லாருக்கும் நம்பர்தான். பேரு போட்டுக்கற அளவுக்கு வளந்தவ நீ, சொல்லு." பிறகு, "தொண்டையா?"

"ஆமா."

"ரொம்ப வருஷமா அங்க ஒண்ணு மாட்டிக்கிட்டு இருக்கு. டாக்டர் விளக்கடிச்சாலும் தெரியாது. உள்ள போ."

சாப்பாட்டு இடைவேளையில் அத்தை அவளைத் தேடிப் போனாள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. கீச்சு டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

"தப்புப் பண்ணிட்டேன்டி. மன்னிச்சுடு."

கீச்சு மென்று முடித்தாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்றே? நான் பொய் சொல்லலேன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதது அந்த ஏழு பேருக்கு. அங்க போய்ச் சொல்லு."

"அந்தம்மா இன்னும் உசுரோட இருக்காங்களே."

"அப்ப நான் செத்தா போயிட்டேன்?"

கீச்சு என்னைப் பார்த்து, "அண்ணன் மகளா? மூக்கு அப்படியே இருக்கு. சாப்பிடறியா?" என்று டப்பாவை நீட்டினாள்.

முடிச்சு பயப்படும்படியானது இல்லை, இரண்டு மாதம் பாடாமல், சில நாள் பேசாமல் இருந்தால் போதும் என்றார் மருத்துவர். திரும்பும் பஸ்ஸில், பேசக் கூடாது என்று சொல்லப்பட்ட அன்றுதான், அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். இறங்குகிற இடத்தில், "நீ படிச்சவ. சங்கத்துக்கு ஒரு கடிதாசி எழுதிக் குடு. கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாள்.

எழுதினேன். 'அன்றைய சூழ்நிலையின் காரணமாக உண்மைக்கு மாறான ஒரு கூற்று பதிவாக நேர்ந்தமைக்கு' என்று தொடங்கினேன். அத்தை படித்துவிட்டு, "நல்லா இருக்கே. யாரு என்ன செஞ்சாங்கன்னே தெரியல" என்றாள். நிஜமாகவே பாராட்டினாள். எனக்குக் காது சுட்டது. யாரும் எதையும் செய்யாமல் எல்லாம் தானாக நடந்துவிடுகிற வாக்கியங்களை எழுதத்தான் அத்தனை வருடம் படித்தேனா என்று இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அதே லட்சணம். நான்காவதில் மூன்றே வரிகள். அன்று நான் பொய் சொன்னேன். அந்தக் குரல் என்னுடையதுதான். அவள் சொன்னது உண்மை.

அதைப் பாராட்டவில்லை. பாட்டுத் தாள்கள் வைக்கும் கோப்பில் அடியில் வைத்தாள். "அடுத்த வாரம்" என்றாள். அடுத்த வாரம் சங்கத் தேர்தல். அதற்கடுத்து அந்தம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. இரண்டு மாதம் முடிந்ததும் ஒரு கச்சேரி. நானும் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். அது மரியாதையாலா, அந்தக் கையெழுத்து எங்கள் வீட்டையும் என் பட்டத்தையும் சேர்த்து அசைத்துவிடும் என்ற பயத்தாலா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வருடம் மூத்த பாடகி இறந்தார். சொல்லிக்கொண்டிருந்த காரணமும் அவரோடு போயிற்று. இரங்கல் கூட்டத்தில் அந்தப் பாட்டையே பாடச் சொல்லி அத்தையை அழைத்தார்கள். முன்வரிசையில் அந்த ஏழு பேரில் இருவர் இருந்தார்கள். பாட்டுக்கு முன்னால் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். அத்தை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீண்ட நேரம் நின்றுவிட்டு, "அம்மாவுக்கு என் வணக்கம்" என்றாள். பாடத் தொடங்கினாள்.

அந்த இரண்டு வரிகள் வந்தன. அந்த மூச்சும் வந்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், "அப்படியே அந்தம்மாவேதான்" என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் அத்தை?"

"எழவு வீட்டுல போய்ச் சொல்ற விஷயமாடி அது?"

"வேற எங்கதான் சொல்லுவீங்க?"

"அடுத்த வாரம் கையெழுத்துப் போடறேன், போ."

நான்கு மாதம் கழித்து, குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் எழவில்லை. இதயம் என்றார்கள். நேர்மையான குரல் என்று எல்லோரும் எழுதினார்கள்.

கோப்பைப் பிரித்தபோது கடிதம் அடியில் இருந்தது. தேதியை மட்டும் மூன்று முறை அடித்து மாற்றியிருந்தாள். அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். கீச்சு மூக்குக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் படித்தாள். தாளின் அடிப்பகுதியைப் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"கையெழுத்து எங்க?"

"போடல."

"இது நீ எழுதினதா?"

"ஆமா. ஆனா அத்தை சொல்லித்தான்..."

"நல்லா எழுதியிருக்கே." தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள். "அந்த ஏழு பேர்ல எத்தனை பேரு இருக்காங்க?"

"ரெண்டு பேரு."

"அவங்களுக்கு இன்னும் நான் பொய்க்காரிதான்" என்றாள்.