பூங்காப் படத்தில் ஒரு கறை

சுத்தத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது பத்து வயதில் என்னுடைய அசைக்க முடியாத கருத்து. வகுப்புக் கரும்பலகையை நான் துடைத்தால்தான் துடைத்த மாதிரி. பாடசாலைக் கண்காட்சிக்குப் பழைய பொருள் கேட்டபோது, பெரியப்பா தன் கடையில் இருந்த படத்தை நம்பி என்னிடம் கொடுத்ததும் அதனால்தான்.

இரத்தோட்டை வீதியில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற கடை அவருடையது. தராசுக்கு மேலே அந்தப் படம் தொங்கும். கொழும்பில் ஒரு பெரிய பூங்காவை அமைத்த புதிதில் எடுத்தது. வளைந்து போகும் பாதை, வட்ட வட்டமாகப் பூப்பாத்திகள், குடை பிடித்த துரைசானிகள். "இதுல எங்க தாத்தா இருக்காரு" என்று மிளகு கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தத் தாத்தாவுக்கு, அதாவது என் கொள்ளுத்தாத்தாவுக்கு, வேறு படமே கிடையாது. தொப்பியும் கைத்தடியுமாக நடுவில் நிற்பவர்தான் அவர் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். ஆள் ரொம்ப வெளுப்பாக இருந்தது எனக்கு உறுத்தவில்லை.

படத்தின் கண்ணாடி எப்போதோ உடைந்து போயிருந்தது. கண்காட்சிக்கு முதல்நாள் பார்க்கிறேன், ஒரு பாத்தியின் ஓரத்தில் புகை படிந்த மாதிரி ஒரு கறை. கொள்ளுத்தாத்தாவின் படத்தில் கறையா? அழிறப்பரை எச்சிலில் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்தேன். அந்த இடம் வெள்ளை வெளேரென்று ஆனது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கண்காட்சிக்குப் பெரியப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதிபர் அவரிடம், "இதுல உங்க தாத்தா யாருங்க?" என்று கேட்டார். பெரியப்பா படத்தைக் கையில் எடுத்தார். பிறகு நான் தேய்த்த இடத்தில் பெருவிரலை வைத்தார்.

"இங்கதாங்க. அங்க தோட்டக்காரரா இருந்தாரு. படம் புடிக்கிறப்ப எல்லாரையும் அசையாம நிக்கச் சொல்லியிருக்காங்க. இவர யாரும் நிக்கச் சொல்லல. அவரு பாட்டுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே இருந்திருக்காரு. அதான் படத்துல புகையாட்டம் விழுந்துட்டாரு."

அதிபர் இன்னும் குனிந்தார். பெருவிரல் நகரவில்லை.

"கிட்டப் பாத்தா ஒன்னும் தெரியாதுங்க" என்றார் பெரியப்பா.

படம் புதுக் கண்ணாடியோடு மறுபடி தராசுக்கு மேலே ஏறியது. என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, நல்லவேளை, தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன். ஒரு மூட்டை மிளகில் கலந்திருக்கும் பப்பாளி விதையை நின்ற இடத்திலிருந்தே கண்டுபிடிக்கிற மனிதர் அவர் என்பது அன்றைக்கு என் ஞாபகத்துக்கு வரவில்லை.