அழைக்காமல் போன வீடு

இந்த ஊரில் ஒருவரோடு உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர் குடிக்க மூன்று வாரத்துக்கு முன்பே நாள் குறிக்க வேண்டும். நியூசிலாந்துக்குப் படிக்க வந்த புதிதில் வகுப்புத் தோழி எம்மாவிடம், "வா, டீ குடிக்கலாம்" என்றேன். அவள் போனில் கலண்டரைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனாள். "இருபத்தோராம் திகதி, நாலு பத்திலிருந்து நாலு நாற்பது வரை. சரியா?" எங்கள் பக்கம் கல்யாண முகூர்த்தத்துக்குத்தான் இவ்வளவு துல்லியமாக நேரம் பார்ப்பார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். ஆனால் அன்று அவள் ஒரு நிமிடம் பிந்தாமல் வந்தாள், நான் பேசியதை முழுதாகக் கேட்டாள். விரிவுரை, பகுதிநேர வேலை, கட்டுரை என்று ஓடிய நாட்களில் எனக்கென்று இங்கே இருந்தது அவள் ஒருத்திதான். அவளை எப்படி இழந்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். வெளிநாட்டுக்குப் படிக்க வரப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் தங்கச்சிமாருக்குப் பயன்படும் என்று சொல்ல மாட்டேன். எனக்கே பயன்படவில்லை.

இலங்கையில் கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரைக்குள் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. நான் சத்தமாகப் பாடம் சொன்னால் பக்கத்துக் காம்பரா செல்வி அந்தப் பக்கத்திலிருந்து பிழை திருத்துவாள். ஒரே வகுப்பு, உட்காரும் வாங்கும் ஒன்றுதான். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மேல் லயத்தில் ஒரு தாத்தா இறந்துபோனார். நான் புத்தகத்தை விட்டு எழவில்லை. அம்மா வாசலில் நின்று கத்தினாள்: "பரீட்ச வரும், போகும். இன்னைக்கி நீ போகலன்னா நாளைக்கி நம்ம வாசல்ல யாரு வந்து நிப்பாங்க?" நானும் செல்வியும் பொருளியல் கொப்பியோடு சாவு வீட்டுக்குப் போனோம். நல்ல காரியம் என்றால் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டால்தான் போவோம். சாவு என்றால் கேள்விப்பட்ட காலோடு போய்விட வேண்டும், சீனியோ தேயிலையோ இல்லாமல் வெறுங்கையோடு போகக் கூடாது, திரும்பும்போது "போயிட்டு வாறேன்" என்று சொல்லவும் கூடாது. இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை, தெரியும்.

இந்தப் பழக்கத்தோடுதான் விமானம் ஏறினேன். இங்கே வெள்ளிக்கிழமை விருந்துகளை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், விரும்பியவர் வரலாம் என்று. விரும்பியவர் வரலாம் என்பது ஒரு அழைப்பா? யாராவது நேரில் வந்து கூப்பிடுவார்கள் என்று அறையில் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. படிப்பில் கெட்டிக்காரி, ஆட்களோடு சேராதவள் என்று என்னைப் பற்றி முடிவு செய்துவிட்டார்கள். எம்மா மட்டும் கலண்டரில் எனக்கு இடம் வைத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை குழுவில் செய்தி வந்தது. எம்மாவின் அப்பா இறந்துவிட்டார், குடும்பத்தினர் தனிமையை விரும்புகிறார்கள். மறுநாள் நானும் ஜோஷ் என்ற பையனும் வகுப்பின் முன் நின்று ஆய்வை விளக்க வேண்டும், பாதி மதிப்பெண் அதற்குத்தான். சாவு வீட்டில் யாராவது தனிமையை விரும்புவார்களா, பாவம், சொல்லத் தெரியாமல் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். செவ்வாய் காலையில் வகுப்புக்குப் போகாமல் ஒரு கிலோ சீனியும் தேயிலைப் பக்கெட்டும் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனேன்.

வாசலில் ஒரு நாற்காலி இல்லை, ஒரு ஆள் இல்லை. எம்மா கதவைத் திறந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவள் உடம்பு விறைத்துப்போனது. "நீ வந்திருக்க வேண்டியதில்லை" என்றாள். எங்களூரில் பாசத்தில் சொல்வார்களே, "என்னத்துக்கு புள்ள இவ்வளவு தூரம் வந்த" என்று, அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். சீனிப் பக்கெட்டையும் தேயிலையையும் அவள் அம்மாவிடம் கொடுத்தேன். அந்த அம்மா சீனிப் பக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு நன்றி சொன்னார். மூன்று மணி நேரம் அவர்களுடைய சோபாவில் உட்கார்ந்திருந்தேன். பிறகு முறைப்படி ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஜோஷ் தனியாகத் திணறியிருக்கிறான். விரிவுரையாளர் அன்பாகத்தான் கேட்டார்: "இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?" உறவில்லை என்றேன். அந்தப் பாடம் போயிற்று. எம்மா திரும்பி வந்தபோது சிரித்தாள், நலம் கேட்டாள். கலண்டரை மட்டும் திறக்கவில்லை. ஒருநாள் துணிந்து கேட்டேன். "அன்று எங்களால் உன்னையும் பார்த்துக்கொள்ள முடியவில்லை. பிறகு சொல்லாமல்கூடப் போய்விட்டாய்" என்றாள். விளக்கத் தொடங்கினேன். அவளுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

இதற்குப் பிறகாவது புத்தி வந்தது என்று நினைத்தேன். வந்த புத்திதான் கெடுத்தது. ஆறு மாதம் கழித்துச் செல்வியின் அப்பா நெஞ்சுவலியில் விழுந்தார். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. செல்வியின் நம்பரை அழுத்தப் போனவள் நிறுத்திக்கொண்டேன். அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது, கொஞ்ச நாள் தனியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். செல்வியைப் பற்றி அப்படி நினைத்தேன் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான்காம் நாள் அம்மா எனக்குப் போன் எடுத்தாள். "அந்தப் புள்ள ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு. ஒரு வார்த்த பேசினா ஒம் படிப்பு கொறஞ்சா போயிரும்?"

அதன்பின் செல்வி என் அழைப்பை எடுக்கவில்லை. கருமாதியன்று அம்மா வீடியோவில் வந்து, போனைச் செல்வி வீட்டு வாசலில் சுவரோரம் சாய்த்து வைத்தாள். நான் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தேன். பெண்களின் ஒப்பாரி வெளியே கேட்டுவிடாமல் இயர்போனை மாட்டி, என் பக்கத்துச் சத்தத்தையும் மியூட்டில் போட்டிருந்தேன். பாயில் இருந்த ஒருத்தி, "யாரு அது?" என்றாள். "நம்ம புள்ளதாங்க, வெளிநாட்டுல இருக்கு" என்றாள் அம்மா. தேத்தண்ணித் தட்டோடு வந்த செல்வி நின்று குனிந்தாள். "என்னடி, ஒனக்கு இப்பதான் நேரம் கெடச்சிச்சா?" அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், எம்மாவை, சீனியை, என் பயத்தை. பக்கத்து மேசைப் பையன் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து வேறிடம் போனான். மியூட்டை எடுக்காதது அப்போதுதான் கண்ணில் பட்டது. என் வாய் அசைவதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்த செல்வி, தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாய்க்குப் போயிருந்தாள்.