அடியில் உறைந்த எண்ணெய்

என் சித்தி மகள் சூசன் அக்காவின் கணவர் கிரிகரி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கார் பட்டறையில் வேலை பார்த்தார். ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்தபோது நான் இங்கே இல்லை. மதராஸிலும் கொழும்பிலுமாக அலைந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது சண்டை முடிந்திருந்தது. சூசன் அக்கா தன் சமையலறையில் உட்கார்ந்து கொஞ்சம் சொன்னாள். மிச்சத்தைக் கிள்ளானில் மைமூன் என்ற பெண் சொன்னாள். கிரிகரி எதுவும் சொல்லவில்லை.

அவருடைய அப்பா ரயில் இஞ்சினுக்குக் கரி தள்ளியவர். மகன் காருக்குப் போனதில் அவருக்கு வருத்தம். "ரயிலுக்குத் தண்டவாளம் இருக்குடா. காருக்கு என்ன இருக்கு?" என்பாராம். ஞாயிற்றுக்கிழமை கிரிகரி மாதா கோயிலில் கடைசி வரிசையில் உட்காருவார். நகக்கண்ணில் இருக்கும் கரியைப் பார்த்துச் சிலர் தள்ளி உட்காருவார்கள்.

ஆயில் பார்ப்பதில் மட்டும் அவரை அவசரப்படுத்த முடியாது. காரைச் சமதரைக்குத் தள்ளி நிறுத்துவார். இஞ்சினை அணைத்துவிட்டு, மேலே ஏறிய எண்ணெய் முழுக்க அடித்தொட்டிக்கு வடிந்து இறங்கட்டும் என்று ஒரு பீடியைப் பற்றவைப்பார். பீடி முடிந்த பிறகுதான் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவுவார். துடைத்து, திரும்ப விட்டு, திரும்ப உருவி, எண்ணெய் எந்தக் கோடு வரை நனைத்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். டிரைவர்கள் முணுமுணுத்தால், "ஓடி வந்தவன் கைய உடனே பிடிச்சு நாடி பாப்பியா?" என்பார். அவர் பேசும் நீளமான வாக்கியம் அதுதான்.

பட்டறையை ஜப்பான் ராணுவம் எடுத்துக்கொண்டது. தேவைப்பட்டவர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். நாற்பத்து மூன்றில் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். முதலில் எஸ்டேட்டுகளில் லோரி லோரியாக ஏற்றினார்கள். பிறகு டவுனில், பாசார் சந்தையில், படக்கொட்டகை வாசலில். சண்டை முடியும்வரை போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. பட்டறையில் இருந்தவர்களுக்குக் கையில் கட்டிக்கொள்ள முத்திரை குத்திய துணிப்பட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். அது இருந்தால் தெருவில் பிடிக்க மாட்டார்கள். வேலை இருக்கும்வரைதான் பட்டை. பட்டை இருக்கும்வரைதான் வீடு.

தாவூதுக்கும் பட்டை இருந்தது. கிள்ளான் ஆள். ஜவுளி வியாபாரி ஒருவரின் காரை ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்தக் காரைப் பட்டறையின் ஜப்பான் அதிகாரிக்கென்று பறித்தபோது டிரைவரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். "ஸ்பேர் டயரு, ஜாக்கி, தாவூது. மூணையும் சேத்துத்தான் கையெழுத்து வாங்குனானுங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வாரம் முழுக்கப் பட்டறையிலேயே படுத்துக்கொண்டு, லீவு கிடைத்தால் சைக்கிளில் கிள்ளானுக்குப் போய் மனைவி மைமூனைப் பார்த்துவிட்டு வருவார்.

அந்தக் காருக்கு ஊற்ற ஆயில் இல்லை. கப்பலில் வந்த ஆயில் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. எஸ்டேட்டிலிருந்து செம்பனை எண்ணெயை, அதாவது பாமாயிலை, டின்னில் கொண்டுவந்து இறக்கி, இதைத்தான் ஊற்ற வேண்டும் என்றார்கள். கிரிகரி இஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலைத் தெளிய வைத்து, சூசன் அக்காவின் பழைய சேலையில் வடிகட்டி, அதோடு செம்பனை எண்ணெயைக் கலந்து ஊற்றினார். கார் ஓடியது.

வீட்டில் எண்ணெய் என்பதே இல்லை. மரவள்ளிக்கிழங்கை அவித்து அவித்துத் தின்றார்கள். குழந்தை ரீத்தாவுக்கு அப்போது இரண்டு வயது. காலெல்லாம் புண், முடி செம்பட்டையாகிக் கொட்டியது. குழந்தைக்குக் கொழுப்பு வேண்டும், எண்ணெயாவது கொடுங்கள் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

செம்பனை எண்ணெயை அசையாமல் வைத்தால் இரண்டாகப் பிரியும். மேலே சிவப்பாகத் தெளிந்து நிற்கும். அடியில் வெளிறிப்போய், நெய் மாதிரி மணல் மணலாக உறைந்துவிடும். சமைக்க மேலெண்ணெய்தான் ருசி. கிரிகரி காலையில் முதல் ஆளாகப் போய், டின்னை ஆட்டாமல், மேலாக ஒரு புட்டி எடுத்துக்கொள்வார். அடியில் நின்றதைச் சூடு காட்டினால் அதுவும் இளகிச் சிவப்பாகிவிடும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. குறைந்ததைப் பழைய ஆயிலால் நிரப்பி இஞ்சினில் ஊற்றினார். கம்பி சரியான கோட்டைக் காட்டியது.

ஒருநாள் தாவூது வீட்டுக்கு வந்தபோது சூசன் அக்கா கிழங்கு பொரித்து வைத்தாள்.

"இந்தப் பஞ்சத்துல பொரியலா? எந்தக் கடை எண்ணெய் தங்கச்சி?"

"உங்க கார் கடை எண்ணெய்தான், அண்ணே."

தாவூது வாயில் போட்டதை மெல்லாமல் கிரிகரியைப் பார்த்தார். பிறகு மென்றார். "அப்ப இனிமே என் வயித்துலயும் கம்பி விட்டுப் பாருங்கண்ணே, லெவல் சரியா இருக்கானு." அன்று ரீத்தா அவர் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டதாம்.

அடியெண்ணெய் குளிரில் சீக்கிரம் உறையும் என்று கிரிகரிக்குத் தெரியும். அதனால் தினமும் காலையில் இஞ்சினை ஓடவிட்டு, தொட்டி சூடாகும்வரை காரை வெளியே விடமாட்டார். பெட்ரோல் வீணாகிறது என்று அதிகாரி கத்தினாலும் அதை மட்டும் விடவில்லை.

விடிய விடிய மழை பெய்த ஒரு நாள், அதிகாரி வழக்கத்துக்கு முன்னால் வந்து நின்றார். ரவாங் போக வேண்டுமாம். கிரிகரி இன்னும் வரவில்லை. தாவூது அவர் கண்முன்னாலேயே கம்பியை உருவிக் காட்டினார். கோடு சரியாக இருந்தது. கொஞ்சம் ஓடவிட்டுப் போகலாம் என்று சைகை காட்டினார். அதிகாரி கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கிரிகரி வந்தபோது கொட்டகை காலியாக இருந்தது. தரையில் சக்கரத் தடம் ஈரமாகக் கிடந்தது. கார் திரும்பும்வரை அவர் எந்த வேலையும் செய்யவில்லை என்று கூட இருந்தவர்கள் சூசன் அக்காவிடம் சொன்னார்களாம்.

கார் ரவாங் போய்ச் சேரவில்லை. மேட்டில் ஏறும்போது இஞ்சின் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் போட்டு நின்றுவிட்டது. மத்தியானம் லோரியில் கட்டி இழுத்து வந்தார்கள். தாவூதின் உதடு கிழிந்திருந்தது. அதிகாரி ஆயிலை வடிக்கச் சொன்னார். கிரிகரி காருக்கு அடியில் படுத்து, தொட்டியின் திருகைக் கழற்றினார். கொஞ்சம் கறுப்பாக ஒழுகி நின்றுபோனது. விரலை விட்டார். வெளிறிய கொழுப்பு கட்டியாக வந்தது. அது எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்திருந்தது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் பேரிங்குக்கு ஒரு சொட்டுகூடப் போகவில்லை.

சுற்றி நின்ற தமிழர்கள் எல்லோருக்கும் அதைப் பார்த்ததும் புரிந்தது. எல்லார் வீட்டுப் பெண்களும் அந்த எண்ணெயை அறிந்தவர்கள். மேலெண்ணெய் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அதிகாரிக்கு மட்டும் புரியவில்லை. வண்டியை ஓட்டியே கெடுத்துவிட்டான் என்று தாவூதைக் காட்டினார்.

கிரிகரி எழுந்து, ஜப்பான் பேச்சு கற்றுக்கொண்டிருந்த, பட்டறைக் கணக்கு எழுதும் கிராணி தம்புசாமியிடம் போனார்.

"ஊத்துனது நான். தெளிஞ்சத வீட்டுக்கு எடுத்துக்கிட்டு அடியில நின்னத ஊத்திட்டேன். தாவூது மேல தப்பில்ல."

தம்புசாமி குரலைத் தாழ்த்தினார். "இத நான் சொல்லித்தான் ஆகணுமா?"

"சொல்லுங்க."

சொன்னார். அதிகாரி அருகில் கிடந்த மரக்கட்டையை எடுத்துக் கிரிகரியின் தலையில் அடித்தார். இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. அந்தக் காது அதன் பிறகு கேட்கவே இல்லை. அடித்து முடித்துவிட்டு, அதிகாரி மூச்சு வாங்கியபடி ஏதோ சொன்னார்.

"லோரிங்க ரிப்பேருக்கு வரிசையா நிக்குதாம். உன்னைய உள்ள போகச் சொல்றான்" என்றார் தம்புசாமி.

"தாவூது?"

"கார் இல்லாத டிரைவர் எதுக்குனு கேக்குறான்."

"கார நான் சரி பண்ணிடுறேன். சொல்லுங்க அவன்கிட்ட."

"பேரிங்கு எங்கேருந்து வரும்? லண்டன்லேருந்தா? போய்யா உள்ள."

தாவூதின் கைப்பட்டையை அங்கேயே அவிழ்த்துக்கொண்டார்கள். மறுநாள், சயாமுக்குப் பிடித்தவர்களோடு, ஸ்டேஷனுக்குப் போகும் லோரியில் ஏற்றினார்கள். கிரிகரி லோரிப் பக்கம் போய் நின்றார். தாவூதுதான் பேசினார்.

"காதுக்கு உப்புத்தண்ணி வைங்கண்ணே. ஈ உக்காருது." பிறகு, "மைமூன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டா. நான் விளையாடுறேன்னு நெனப்பா."

தாவூதைப் பற்றி அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பியபோது மைமூன் ஒவ்வொருவரையும் போய்ப் பார்த்தாள். யாருக்கும் அவரைத் தெரியவில்லை.

ஆனால் கிரிகரி கிள்ளானுக்குப் போன அன்று அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. அவர் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்; புட்டியை, கிழங்கை, எதையும் விடவில்லை. மைமூன் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை.

"உங்க புள்ள தேறிடுச்சா அண்ணே?"

"கொஞ்சம் தேவல."

அவள் உள்ளே திரும்பி, "கிஃபாயத்து" என்று கூப்பிட்டாள். அவளுடைய தம்பி கிஃபாயத்துல்லா வந்து நின்றான். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது. ஜவுளிக்கடையில் வேலை செய்தவன். கடை மூடியபின் வெளியே தலைகாட்டாமல் பரணில் ஒளிந்து கிடந்தவன்.

"நேத்து பக்கத்துத் தெருவுல ரெண்டு பேர ஏத்திட்டானுங்க. நாளைக்கு இங்க வருவானுங்க. இவன உங்க பட்டறையில சேத்துக்குங்க. நீங்க எனக்கு வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

கிரிகரி அவனைப் பார்த்தார். "ஸ்பானர் பிடிச்சிருக்கியா?"

"துணி கிழிக்கத் தெரியும். முழம் போடத் தெரியும்."

"கையக் காட்டு."

காட்டினான். மாவு பூசியதுபோல் வெள்ளையாக இருந்தது. கிரிகரி அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அடுப்படியைக் கண்ணால் காட்டினார்.

"அவனுங்க முதல்ல கையத்தான் பாப்பானுங்க. சட்டி அடியில கரி இருக்கும். எண்ணெயில குழைச்சு நகத்துக்குள்ள ஏத்து."

மைமூன் சட்டியை எடுத்து வந்தாள். "வீட்டுல எண்ணெய் இல்லையே அண்ணே" என்றாள்.

கிரிகரி குனிந்து, தன் சைக்கிள் சங்கிலியில் இருந்த மசகை விரலால் வழித்து, அவன் உள்ளங்கையில் தேய்க்கத் தொடங்கினார்.