சகலைக்கு அடிக்காத லைட்

இருபத்தாறு வருஷமாக லாரி ஓட்டும் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவருடைய மனைவிக்குப் பக்கவாதம் வந்தபோது, பகலில் பார்த்துக்கொள்ள நான் அந்த வீட்டுக்குப் போனேன். பதினோரு மாதம் இருந்தேன். அந்த அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்திருந்தன, பேச்சு இழுத்தது. புருஷனுக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. அவருக்கு இருந்தது பொறாமை. அதற்கு என் பையில் மாத்திரை கிடையாது.

லாரி ஷெட்டில் அவரைக் 'கண்ணாடி' என்று கூப்பிடுவார்கள். ரோட்டில் முன்னால் பார்ப்பதைவிடப் பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிறவனைத்தான் அதிகம் பார்ப்பாராம். எவனாவது முந்திவிட்டால் அவனுடைய வண்டி நம்பர் சாயங்காலம் வரை அவருக்கு ஞாபகம் இருக்கும். வீட்டிலும் அதே பார்வைதான். எதிர்வீட்டுக்காரர் புது ஜன்னல் போட்டால், தன் வீட்டு ஜன்னலை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்ப்பார்.

ஆனால் அவருடைய பொறாமையில் பெரிய பங்கு ஒரே ஆளுக்குத்தான் போனது. அவர் மனைவியின் தங்கையைக் கட்டியவர், அதாவது சகலை. அதே கம்பெனியில் அதே வேலை. பதினோரு வருஷமாக ஒரு ஃபைன் சீட்டுகூட வாங்காதவர் என்பதால் ஷெட்டில் அவருக்குப் பெயர் 'சுத்தம்'. லாரி ஓட்டுகிறவனுக்கு ஃபைன் சீட்டு என்பது குளிர்காலத்துச் சளி மாதிரி. வெள்ளைக் கோட்டில் டயர் ஏறினால் சீட்டு, தார்ப்பாய் ஓரம் படபடத்தால் சீட்டு, நம்பர் பலகையில் சேறு இருந்தால் சீட்டு. அது வராமலே ஒருவன் பதினோரு வருஷம் ஓட்டினான் என்றால் மற்றவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

"அவன் சுத்தம் இல்ல நர்சம்மா. என் லைட்டுல குளிர் காஞ்சவன்" என்பார் இவர்.

லைட் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எதிரே வரும் லாரிக்காரன் ஹெட்லைட்டை இரண்டு தடவை அணைத்துப் போட்டால், முன்னால் டிராபிக் போலீஸ் செக்கிங் நிற்கிறது என்று அர்த்தம். பார்த்தவன் உடனே ஓரம் கட்டுவான். இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவான். பல்பு எரியாவிட்டால் மாற்றுவான், கயிறு தளர்ந்திருந்தால் இழுத்துக் கட்டுவான், பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாகக் கிளம்புவான். ஆகாதவனுக்கும் அடிப்பார்கள். முந்தின நாள் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவனுக்கும் அடிப்பார்கள். அதை மறுத்தவன் என்று ஒருத்தனை நான் கேள்விப்பட்டதில்லை, இவரைத் தவிர.

நான் அந்த வீட்டுக்குப் போன வருஷம் ஷெட்டில் உள்ளூர் ஓட்டம் காலியானது. மாவு மில்லுக்கும் கிடங்குக்கும் நடுவே காலையில் ஆறு மணிக்கு ஆரம்பித்து சாயங்காலம் ஐந்து மணிக்கு முடியும் வேலை. மற்ற ஓட்டமெல்லாம் நாலு நாள், ஐந்து நாள் வெளியே இழுத்துவிடும். சூப்பர்வைசர் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்துப் பலகையில் விதியை எழுதிப் போட்டார். இந்த வருஷம் யாருக்குக் குறைவான சீட்டோ அவருக்கு வேலை, சமமாக இருந்தால் சீனியருக்கு. டிசம்பர் வந்தபோது போட்டியில் இரண்டே பேர். சகலைக்கு ஒன்றும் இல்லை. இவர் பேருக்கு நேரே பலகையில் ஒரு கோடு. மனைவிக்கு மருந்து வாங்க, மருந்துக்கடை வாசலில் நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தி வாங்கிய சீட்டு அது. இவர்தான் சீனியர். ஆக, சகலைக்கு ஒரே ஒரு சீட்டு விழுந்தால் போதும், வேலை இவருக்கு.

அந்த வேலை இவருக்கு ஏன் வேண்டும் என்பதில் ஒளிவு மறைவு இல்லை. சாயங்காலம் வீட்டில் இருக்க வேண்டும், மனைவியைத் தன் கையால் பிடித்து நடத்த வேண்டும். இப்போது அதைச் செய்துகொண்டிருந்தது யார் என்றால், அந்தச் சகலைதான். இவர் வெளியூரில் இருக்கும் நாட்களில், தான் ஊரில் இருந்தால் சகலை வருவார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஷெட்டுக் கதைகளை அளப்பார். ஒருநாள் ஒரு ரப்பர் பந்து கொண்டுவந்து, "அண்ணி, இதை அமுக்குங்க, சூப்பர்வைசர் கழுத்துன்னு நெனச்சுக்கிட்டு" என்றார். அந்த அம்மா சிரித்தார். விரல்கள் மடங்கின. இரண்டு மாதமாக நான் எண்ணெய் போட்டு, நீவி, கெஞ்சி, அதட்டி நடக்காதது அது. எனக்கே உள்ளே சுருக்கென்றது. அப்படியிருக்க, கட்டிய புருஷனுக்கு எப்படி இருக்கும்? ஊரிலிருந்து வந்ததும் அந்தப் பந்தை எடுத்து முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு தான் ஒரு பந்து வாங்கி வந்தார், இன்னும் கொஞ்சம் பெரியதாக. அது அந்த அம்மாவின் கைக்குள் அடங்கவில்லை.

டிசம்பர் மூன்றாவது வாரம், வியாழக்கிழமை சாயங்காலம் வண்டியோடு ஷெட்டுக்கு வந்தார். இழுக்கிற முன்வண்டி வேறு, பின்னால் மாட்டுகிற ட்ரெய்லர் வேறு; இரண்டுக்கும் தனித்தனி நம்பர். வந்தவர் ட்ரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டு, தாளும் கையுமாக அதைச் சுற்றி வந்து, லைட், டயர், சேறு தடுப்பு எல்லாம் சரி என்று டிக் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். மறுநாள் வேறு யாராவது மாட்டிக்கொண்டு போவார்கள். போன இடத்தில் குறை கண்டுபிடிக்கப்பட்டால், சீட்டு கையெழுத்துப் போட்டவர் கணக்கில். இது ஷெட்டு விதி.

அன்று வாட்ச்மேன் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க சகலை இப்பத்தான் உங்க வீட்டுக்குக் கிளம்பினாரு" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், இவருக்கு நிற்க முடியவில்லை. முன்வண்டியின் படியில் உட்கார்ந்தபடியே பதினாறு கட்டத்திலும் டிக் போட்டார், கையெழுத்தை வைத்தார், வீட்டுக்கு ஓடி வந்தார். வந்தபோது அந்த அம்மா சகலையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்திருந்தார். முதல் நடை அது. நான் கை தட்டிக்கொண்டிருந்தேன். இவர் வாசலிலேயே நின்று, "தரை ஈரமா இருக்கு, வழுக்கிடப் போகுது" என்றார். தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மறுநாள் ஒரு பகலில் முடிகிற சில்லறை லோடு. விடிந்ததும் வேறு ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு போனார். மதியம் திரும்பும் வழியில் பாலத்துக்கு இந்தப் பக்கம் செக்கிங். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி, கையில் சீட்டுப் புத்தகம். இவர் வண்டியில் குறை எதுவும் இல்லை, விட்டுவிட்டார்கள். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் வந்ததும் எதிரே சகலையின் வண்டி. தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது, நெற்றியில் மஞ்சள் பட்டை. சகலை கையை வெளியே நீட்டி ஆட்டினார். இவர் கை ஸ்டியரிங் ஓரத்து லைட் குச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கேயே இருந்தது.

அன்று சாயங்காலம் சமையலறையில் நான் அந்த அம்மாவுக்குச் சாப்பாட்டை மசித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து கதவில் சாய்ந்துகொண்டார்.

"நர்சம்மா, ஒரு விரலு அசைக்கணும். அசைக்கல."

என்ன விரல், எதற்கு என்று கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னார். வருத்தப்பட்டுச் சொன்னார் என்று நான் எழுதினால் அது பொய். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பையனின் முகம்தான் அது. சகலைக்குச் சீட்டு விழுந்ததா இல்லையா என்பதுதான் அவர் கவலை. நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "செஞ்சது அசிங்கம் தம்பி. கையைக் கழுவிட்டு வந்து தட்டைப் பிடிங்க" என்றேன்.

திங்கட்கிழமை காலை ஷெட்டில் நடந்ததை இரண்டு பேருமே என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். வார்த்தை ஒன்றுதான், குரல்தான் வேறு.

சீட்டு விழுந்திருந்தது. பின்பக்க இடது லைட் எரியவில்லை, ஒரு சேறு தடுப்பு காணோம். சூப்பர்வைசர் சாக்கட்டியோடு பலகைக்குப் போனார். போகும் முன் சீட்டில் இருந்த ட்ரெய்லர் நம்பரைப் படித்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து வியாழக்கிழமைத் தாளை எடுத்தார். பதினாறு டிக், கீழே இவர் கையெழுத்து. வெள்ளிக்கிழமை எதிரே வந்த வண்டியின் நெற்றிதான் இவருக்குத் தெரிந்தது. அதன் வாலில் தொங்கியது தன்னுடைய ட்ரெய்லர்தான் என்பது தெரியவில்லை. லைட் அடிக்காமல் இவர் மாட்டிவிட்டது தன்னையே.

சகலை முதலில் கேட்டது வேறு. "அண்ணே, வெள்ளிக்கிழமை எதிர்ல வந்தீங்களே, அப்போ செக்கிங் இல்லியா?"

"நான் வரும்போது இல்ல."

"அதான பாத்தேன். இருந்திருந்தா நீங்க அடிச்சிருப்பீங்க" என்று அந்த ஆள் அதோடு விட்டுவிட்டார். அதற்குமேல் ஒரு பார்வைகூட இல்லை. பிறகு சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, சீட்டு தன் பேரிலேயே இருக்கட்டும் என்றார். மாட்டும்போது தானும் ஒரு சுற்று வந்து பார்த்திருக்க வேண்டும், பார்க்காதது தன் தப்பு. இவரிடம் தணிந்த குரலில், "அண்ணிக்கு நீங்க சாயங்காலம் வீட்ல இருக்கறது நல்லதுண்ணே" என்றார்.

அப்படி வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு சீட்டு. சமம். சீனியருக்கு வேலை. இத்தனை மாதமாக இவர் கேட்டது கைக்கு வந்துவிட்டது. சூப்பர்வைசருக்கு இதில் ஆட்சேபம் இல்லை. "ரெண்டு பேரும் பேசி முடிங்க. டீ ஆறதுக்குள்ள நான் கோடு போட்டாகணும்" என்றார்.

இவர் பலகையைப் பார்த்தார். சகலையைப் பார்த்தார். "கையெழுத்து என்னுது. கோட்டை எனக்கே போடுங்க" என்றார்.

ஷெட்டே மூக்கில் விரல் வைத்தது. இப்படி ஒரு நேர்மையான மனுஷனா என்று சூப்பர்வைசர் எழுந்து கை குலுக்கினார். வாட்ச்மேன் வாங்கிக் கொடுத்த டீயை இவர் குடித்தார். சகலையின் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, "எங்க அண்ணன் மாதிரி யாரும்மா" என்று என்னிடம் அவர் சொன்னபோது நான் துணி மடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

அது நேர்மை இல்லை என்று எனக்குத் தெரியும். இவரே சொன்னார். "அவன் குடுத்து நான் அந்த வண்டில ஏறினா, தினம் காலைல கண்ணாடில அவன் மூஞ்சிதானே நர்சம்மா தெரியும்?"

வேலை சகலைக்குப் போனது. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று இவர் இரண்டு நாள் முழுங்கினார். கடைசியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, லைட் அடிக்காதது உட்பட எல்லாவற்றையும் கொட்டினார். அந்த அம்மாவுக்கு ஒரு வாக்கியம் முடிக்க அரை நிமிஷம் ஆகும். பொறுமையாகக் காத்திருந்தோம்.

"நீங்க... பக்கத்துல இருந்தா... என் கையையே பாக்கறீங்க. பாத்தா... மரத்துப் போகுது. அவரு பாக்க மாட்டாரு. வாய்தான் பேசுவாரு."

அது உண்மை. எனக்கும் அது சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம்தான். விழுந்த கையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது எழுந்திருக்காது. இவர் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு மாலையும் எதிரே உட்கார்ந்து, சகலைக்கு மடங்கிய விரல் தனக்கு மடங்குகிறதா என்று பரிசோதித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு அது சீட்டுப் புத்தகத்தோடு போலீஸ் எதிரே நிற்கிற மாதிரி இருந்திருக்கிறது. ஸ்டூலை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். "இனிமே ரோட்டைப் பார்த்துப் பேசுங்க. கையைப் பார்த்தா வெளியே அனுப்பிடுவேன்" என்றேன். முதல் வாரம் கஷ்டப்பட்டார். அப்புறம் ஒரு நாள் ரோட்டைப் பார்த்தபடியே பக்கத்து ஷெட்டு டிரைவர் ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து பந்து வந்து முதுகில் பட்டது. எறிந்தது வலது கை. பெரிய பந்து அல்ல, சகலை கொடுத்த சின்னப் பந்துதான். அதையும் கவனித்துவிட்டார், முகம் ஒரு நொடி சுருங்கியது.

நான் வேறு வீட்டுக்குப் போகும்போது அந்த அம்மா குச்சியோடு வாசல் வரை நடந்தார். பொறாமை குணமாகவில்லை, அது அந்த ஆளோடு கூடப் பிறந்தது. வெளியூர் ஓட்டம் முடிந்து திரும்பும்போது, மாவு மில் ரோட்டில் சகலையின் மஞ்சள் பட்டை வண்டி எதிரே வந்தால், இப்போதெல்லாம் கட்டாயம் இரண்டு தடவை லைட் அடிக்கிறார். செக்கிங் இருந்தாலும் அடிக்கிறார், இல்லாவிட்டாலும் அடிக்கிறார். சகலை உடனே ஓரம் கட்டி, வெயிலில் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, பல்பு பல்பாகத் துடைத்துப் பார்க்கிறார். இவர் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போகிறார்.

சகலைக்கு இன்னும் ஒரு சீட்டும் விழவில்லை.