சோப்பு ட்ரம் தண்ணீர்

மகளுக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை. குளிப்பாட்டும்போது அவள் நெஞ்சில் சோப்புப் போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. இடது பக்கம் ஒரு கட்டி, புளியங்கொட்டை அளவு. அழுத்தியதும் "வலிக்கும்மா" என்று கையைத் தட்டிவிட்டாள். வலது பக்கமும் லேசாகத் தடித்திருந்தது.

திருப்பூர் மண்ணரையில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில் இருந்தோம். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். என் கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர், நான் தைத்ததைச் சரிபார்க்கிற செக்கிங். பிள்ளைக்கு இப்படி என்றதும் லைனில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கோழிக்கறி கொடுக்காதே என்றாள் ஒருத்தி. விளக்கெண்ணெய் தடவு என்றாள் இன்னொருத்தி. "பொட்டப்புள்ள வெரசா வளருது, சந்தோசப்படு" என்று சிரித்தாள் மூன்றாமவள். அவள் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும் போலிருந்தது. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழந்தைகள் டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "நீங்க பயப்படற மாதிரியான கட்டி இல்லம்மா. வயசுக்கு வர்ற பொண்ணுக்கு வர வேண்டிய வளர்ச்சி, இப்பவே எட்டிப் பார்க்குது" என்றார். தானாக அமுங்கிப் போகலாமாம். அமுங்காமல் வளர்ந்தால் பால் பல் விழுகிற வயதிலேயே பெரியமனுஷி ஆகிவிடலாம், உயரமும் நின்றுபோகலாம். அவர் என்னென்னவோ விசாரித்தார். என்ன எண்ணெய், என்ன மாத்திரை, என்ன சாப்பாடு. கடைசியில், குடிதண்ணீரை எதில் பிடித்து வைக்கிறீர்கள் என்றார்.

"ட்ரம்முல டாக்டர். ஆனா சாய ட்ரம் கெடையாது. சோப்பு ட்ரம்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மண்ணரைக்குக் குழாய்த் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். வரும்போது பிடித்து வைக்காவிட்டால் நாறிப்போக வேண்டியதுதான். மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் தம்பிக்குச் சாயப்பட்டறை இருந்தது. அங்கே காலியான நீல பிளாஸ்டிக் ட்ரம்களை அந்தம்மா வீட்டுக்கொன்றாகக் கொடுத்திருந்தார். சாயம் வந்த ட்ரம்மையும் ஆசிட் வந்த ட்ரம்மையும் நாங்கள் தொடமாட்டோம், அவ்வளவு விவரம்! துணியில் இருக்கும் எண்ணெய்ப் பசையை எடுக்க ஊற்றுகிற சோப்புத் திரவம் வந்த ட்ரம்மைத்தான் கேட்டு வாங்குவோம். சோப்புதானே, அது ஏற்கெனவே சுத்தம் என்பது எங்கள் எண்ணம். தண்ணீர் விழும்போது மேலே நுரை கட்டும். கையால் ஒதுக்கிவிட்டு மொண்டு குடிப்போம். நொய்யல் பாலத்தைத் தாண்டும்போது ஆற்று நுரையைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவர்களும் நாங்கள்தான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அந்தச் சோப்புல சிலது உடம்புக்குள்ள போனா, பொம்பளைங்க ஹார்மோன் மாதிரியே வேஷம் போடும்மா. பெரியவங்க உடம்பைவிட, வயித்துல இருக்கற குழந்தையும் சின்னக் குழந்தைங்களும்தான் அதுகிட்ட அதிகமா ஏமாறும்."

"அப்ப அதாலதான் வந்துச்சா?"

"அடிச்சுச் சொல்ல முடியாது. வேற காரணமும் இருக்கலாம். ஆனா அந்தத் தண்ணியக் குடிக்கணும்னு என்ன தலையெழுத்து? மொதல்ல அதை நிறுத்துங்க."

வீட்டுக்கு வந்து பிள்ளையை இறக்கிவிட்ட கையோடு ட்ரம்மைக் கவிழ்த்தேன். என் கணவர் ஓடிவந்தார். "கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? நேத்துத்தான தண்ணி வந்துச்சு, இனி என்னைக்கு வருமோ!"

"என்னைக்கு வேணா வரட்டும். எம்புள்ள இதுல ஒரு சொட்டுக் குடிக்காது" என்றேன். ட்ரம்மை உருட்டிக்கொண்டுபோய்ச் சந்து முனைக் குப்பையில் தள்ளினேன். அன்றைக்கு லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசையில் நின்றோம். அவர் முனகிக்கொண்டேதான் தூக்கினார்.

மறுநாள் காலையில் பார்த்தால், அந்த ட்ரம் பக்கத்து வீட்டு வாசலில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. புதிதாகக் குடிவந்து இன்னும் ட்ரம் கிடைக்காத பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வயிற்றில் முதல் பிள்ளை, ஐந்தாம் மாதம். "அக்கா, நல்ல ட்ரம்மு, யாரோ வீசிட்டாங்க. நான் எடுத்துட்டேன்" என்று முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் ட்ரம்மின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "நீங்க இத்தனை நாளும் குடிச்சீங்கல்ல? எனக்கு இருக்கறதே ரெண்டு கொடம்க்கா" என்றாள்.

அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? முழுசாக இருக்கிறவரை அது எவளாவது ஒருத்தியின் வீட்டுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாளை எடுத்துவந்து ட்ரம்மில் ஒரே போடு போட்டேன். பிளாஸ்டிக் லேசில் பிளக்கவில்லை. இன்னும் ஆத்திரம் வந்தது. வெட்டுகிற சத்தத்தில் லைனே கூடிவிட்டது. மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கிவந்தார். பேறுகாலத்துக்கு வந்திருந்த அவருடைய மகள், கைக்குழந்தையோடு மாடிப்படியில் நின்றாள்.

"என்ன கண்ணு இது? எந்தம்பி குடுத்த ட்ரம்மு. எங்க ஊட்லயும் அதுலதான் தண்ணி புடிச்சு வெக்கறோம். நாங்கெல்லாம் செத்தா போயிட்டோம்?" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, மனம் நொந்து சொன்னார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துக் கொடுத்து அனுப்பியவர் அவர். அதற்காக வாயை மூடிக்கொள்ள முடியுமா? கட்டியிலிருந்து டாக்டர் சொன்னதுவரை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"இதாலதான்னு டாக்டரு சொன்னாங்களா கண்ணு?"

"இல்லம்மா. அப்படிச் சொல்லல. பொய் சொல்லி ஒங்க ட்ரம்ம ஒடைக்க மாட்டேன். வயித்துப் புள்ளைக்கும் கைப்புள்ளைக்கும் ஆகாதுன்னு சொன்னாங்க."

படியிலிருந்து வீட்டுக்காரம்மா மகளின் குரல் வந்தது. "அம்மா, காத்தால பாப்பாவுக்குப் பால் பவுடர் கரைச்சோமே, அந்தத் தண்ணி..."

வீட்டுக்காரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் கையை நீட்டினார். "அந்த அருவாளக் குடு கண்ணு."

அவர் வீட்டு ட்ரம்மை அவரே வெட்டினார். தண்ணீர் படியெல்லாம் வழிந்து சந்துக்கு வந்தது. ஐயோ தண்ணி போகுதே என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்புறம் ஒவ்வொரு வீட்டு ட்ரம்மும் வாசலுக்கு வந்தது. நான் பாதி வெட்டி விட்ட ட்ரம்மைப் பக்கத்து வீட்டுப் பெண் அவளே உருட்டிவந்தாள். தண்ணீர் பிடிக்க, தன் மகள் கல்யாணத்துக்கு வாங்கிப் பரணில் போட்டிருந்த அண்டாக்களை வீட்டுக்காரம்மா இறக்கிக் கொடுத்தார்.

என் மகளின் கட்டி அமுங்க வருஷம் ஒன்று ஆனது. ஒவ்வொரு முறை குளிப்பாட்டும்போதும் என் கை முதலில் அங்கேதான் போகும். ட்ரம்மால்தான் வந்தது என்று என்ன நிச்சயம் என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். நிச்சயம் ஒன்றும் இல்லை. நிச்சயமாகத் தெரிகிறவரை குடிக்கவைத்துப் பார்க்க நான் பிள்ளை பெறவில்லை.