பதில் சொல்லும் தெரு

விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அத்தை வாசலில் வந்து நின்று நிலைக்கதவை விரல் முட்டியால் தட்டுவாள். "உள்ள யாரு?" என்பாள். உள்ளே இருப்பவர்கள் அடுப்படியில் இருந்தாலும், டிவி பார்த்துக்கொண்டிருந்தாலும், இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தால் போதும். வெளியே வந்து முகம் காட்ட வேண்டியதில்லை. முகத்தில் அத்தைக்கு நம்பிக்கை கிடையாது. இருட்டும் நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விட்டு அதே முகத்தோடு வேறு ஆளை வைத்துவிடுவார்களாம். குரலை மட்டும் அவர்களால் செய்ய முடியாதாம். யார் அவர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். அத்தை என் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, "சத்தமா கேக்காத" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை.

அத்தை, அப்பாவின் அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில் மனசு சரியில்லாமல் போய், அந்த வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போக, பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டவள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு சாயங்காலம் இப்படித்தான் வீடு வீடாகப் போய்க் கேட்டாளாம். அப்போது யாரும் பதில் சொல்லவில்லை. சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தெருவையே கொண்டுபோய்விட்டார்கள் என்று முடிவு செய்து, எங்களைத் தேடிக்கொண்டு அத்தை கிழக்கே பஸ் ரோட்டைப் பார்க்க நடந்துவிட்டாள். மாதக்கணக்கில் ஆள் கிடைக்கவில்லை. எங்கேயோ ஒரு பஸ் ஸ்டாண்டில், தலை சடைபிடித்து, காலில் புண்ணோடு உட்கார்ந்திருந்தவளை அப்பா கண்டுபிடித்து அழைத்துவந்தார். அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அப்பாவுக்குக் குரல் உடையும்.

ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அத்தை வீடு திரும்பிய பிறகு, ஊருக்கு வரும் நர்ஸம்மா தெருக்காரர்களை அங்கன்வாடியில் கூட்டிவைத்துப் பேசினாராம். "ஊசி, மாத்திரை எல்லாம் நான் பாத்துக்கறேன். மிச்சத்த நீங்கதான் பாக்கணும். எதிர்த்துப் பேசாதீங்க, சிரிக்காதீங்க. கேட்டா பதில் சொல்லிட்டு உங்க வேலையப் பாருங்க. விட்டுட்டா எங்கயாவது போயிடுவாங்க" என்றாராம். அம்மா இதை அப்படியே ஒப்பிப்பாள், எனக்கும் மனப்பாடம்.

எங்கள் தெருக்காரர்கள் தங்கமானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வரப்பில் ஒரு சாண் மண் போனால் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஆனாலும் பதில் சொன்னார்கள். மேற்குக் கோடியில் டீக்கடைக்காரம்மா, "எங்க போகப்போறேன், இங்கதான் கெடக்கேன்" என்று எரிந்து விழுவாள். அடுத்த வீட்டு டிராக்டர்க்காரர், "இருக்கேங்க்காவ்" என்று இழுப்பார். எங்களுக்குப் பக்கத்து வீட்டு வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உள்ளேன்" என்பார். பகலெல்லாம் பிள்ளைகள் அவரிடம் சொல்வதை அவர் சாயங்காலம் அத்தையிடம் சொன்னார். இந்தக் குரல்களை எல்லாம் செய்துகாட்டித்தான் நான் பள்ளிக்கூடத்தில் பேர் வாங்கியிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கும் கிழக்கே, தெரு முடியும் இடத்தில் சிங்கப்பூர் வீடு. அதில் இருந்தவர்கள் பூட்டிக்கொண்டு வெளிநாடு போய் வருஷங்களாகிவிட்டன. அத்தை அந்தக் கதவையும் தட்டுவாள். "உள்ள யாரு?" என்று கேட்டுவிட்டுக் காதைச் சாய்த்து நிற்பாள். பிறகு சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருவாள். பதில் வராத நாளே கிடையாது போலிருக்கும். அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் திரும்பவே மாட்டேன்.

இதெல்லாம் பழகிப்போயிருந்த ஒரு வருஷம், எனக்கு அம்மை போட்டிருந்தது. வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தார்கள். அம்மை போட்ட பிள்ளை வாசற்படி தாண்டக் கூடாது, யார் வீட்டுக்குள்ளும் போகக் கூடாது. உள்ளே பாயில் கிடந்து உத்தரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

நாங்கள் நன்னிலத்துக்கும் அப்பால், கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு, மிச்சமிருந்தால்தான் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கும். அதனால் முதல் தண்ணீர் வருகிறது என்றால் வீட்டில் ஆள் தங்காது. பூவும் நெல்லும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு கிழவர் முதல் கைக்குழந்தை வரை மதகடியில் போய் நின்றுவிடுவார்கள். அன்று மதகு திறந்துவிடும் லஸ்கர் போன் செய்து, "வந்துக்கிட்டிருக்குங்க" என்று சொன்னதும் தெரு காலியாகிவிட்டது. அத்தை மாத்திரை மயக்கத்தில் பின்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். "விளக்கு வைக்கறதுக்குள்ள ஓடியாந்துடறேன்" என்று அம்மாவும் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் அதையேதான் நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பதில் சொல்ல மற்ற வீட்டில் யாராவது இருப்பார்கள் என்றும் நினைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் எந்த வருஷம் சொன்ன நேரத்துக்கு வந்தது? பொழுது சாய்ந்தது. கரண்ட்டும் போனது. கண் விழித்தபோது வீட்டில் வேப்பிலை வாசனையும் நானும்தான் இருந்தோம். பின்கட்டில் அத்தையைக் காணவில்லை. அப்போது மேற்குக் கோடியில் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"உள்ள யாரு?"

டீக்கடைக்காரம்மா பதில் சொல்லவில்லை. ஒரு வீட்டு விளக்குகூட எரியாத தெருவில் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. மறுபடி தட்டினாள். பிறகு செருப்புச் சத்தம். அடுத்து டிராக்டர்க்காரர் வீடு. "உள்ள யாரு?" அங்கேயும் ஒன்றுமில்லை. இருட்டு ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் பஸ் ரோடு. அத்தை நடக்க ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியாது. காலில் புண்ணோடு அவள் எங்கேயோ உட்கார்ந்திருப்பது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

எப்படி அந்த யோசனை வந்தது என்று தெரியவில்லை. கொல்லைப்பக்கமாக இறங்கி வாத்தியார் வீட்டுக்குள் ஓடினேன். எங்கள் ஊரில் கொல்லைக்கதவை யாரும் பூட்டுவதில்லை. அத்தை வாசலில் தட்டியபோது நான் கூடத்து இருட்டில் நின்று, தொண்டையைச் செருமி, "உள்ளேன்" என்றேன்.

வெளியே சத்தமே இல்லை. வெகு நேரம் அப்படியே இருந்தது. பிறகு செருப்புச் சத்தம் மேற்கே திரும்பியது; விட்டுப்போன வீடுகளை மறுபடி கேட்கப் போகிறாள். நான் கொல்லைவழியே முந்திக்கொண்டு ஓடினேன். டிராக்டர்க்காரர் வீட்டில் "இருக்கேங்க்காவ்" என்று இழுத்தேன். டீக்கடைக்காரம்மா வீட்டில், "எங்க போகப்போறேன், இங்கதான் கெடக்கேன்" என்று எரிந்து விழுந்தேன். ஆளில்லாத வீட்டுக்குள் அந்த வீட்டு ஆளின் குரல் என் வாயிலிருந்து வந்தபோது நானே திரும்பிப் பார்த்தேன். முகத்தை மாற்றுகிறவர்கள் இப்படித்தான் ஒவ்வொரு வீடாகப் புகுவார்களோ என்று தோன்றியது. அவர்களில் ஒருத்தியாக நான் ஆகிவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது.

மூச்சிரைக்க எங்கள் வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தேன். அத்தை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"உள்ள யாரு?"

அப்பா குரலில் இருமி, "நான்தான்க்கா" என்றேன். அம்மா குரலில், "நான்தான் அண்ணி, சாப்பிட வாங்க" என்றேன்.

"பாப்பா?"

அது நான். எல்லாருக்காகவும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. "நான்தான் அத்தை" என்றேன். கரகரவென்று என்னவோ ஒரு சத்தம் வந்தது. அது எனக்கே என் குரலாகத் தெரியவில்லை.

"இது பாப்பா குரல் இல்லையே" என்றாள் அத்தை.

கேட்டு முடிக்கும்வரை எங்கள் வீட்டுக்குள்ளும் நுழையாதவள் அன்று சாயங்காலம் உள்ளே வந்தாள். இருட்டில் முகம் தெரியவில்லை. ஒரு கை வந்து என் நெற்றியைத் தொட்டது, பிறகு கன்னத்துக் கொப்புளங்களைத் தடவியது. நான் அழுதுவிட்டேன். "நான்தான் அத்தை, நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "ஆமா, ஆமா" என்றாள் அத்தை. அவள் நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போனாள். கிழக்குப் பக்கமாக.

பஸ் ரோட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். அவள் போனால் நானும் போவது என்று முடிவு செய்துகொண்டு கூடவே நடந்தேன். ஆனால் சிங்கப்பூர் வீட்டு வாசலில் நின்றாள். தட்டினாள். "உள்ள யாரு?" என்றாள். காதைச் சாய்த்தாள். பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ மெல்ல ஏதோ சொன்னதுபோல எனக்கும் கேட்டது. காய்ச்சல்தான், வேறென்ன. இப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். "இவங்க இருக்காங்க. உக்காரு" என்று அத்தை என்னை அந்தப் படியில் உட்காரவைத்தாள். முந்தானையால் என்னைப் போர்த்திவிட்டு, கையை விடாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மதகுப் பக்கமிருந்து தெருவே ஓடிவந்தது. எல்லார் காலிலும் புதுத் தண்ணீரின் சேறு. நினைவு வந்து, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே ஓடிவந்திருக்கிறார்கள். அப்பா, "அக்கா, அக்கா" என்று அலறிக்கொண்டு முன்னால் வந்தார். அத்தை அவரை அதட்டினாள்.

"எங்கடா போனீங்க எல்லாரும்? புள்ள கொல்லை கொல்லையா ஓடி, வீட்டுக்கு வீடு உள்ள பூந்து, உங்க குரல்லல்லாம் பேசுது. காய்ச்சல்ல புத்தி தடுமாறிப் போச்சு போலருக்கு. நான் எதிர்த்தே பேசல. எல்லாத்துக்கும் சரி சரின்னு கூடவே சுத்தினேன். விட்டிருந்தா எங்கயாவது போயிருக்கும்."

டீக்கடைக்காரம்மாதான் முதலில் அழுதாள். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு, அத்தையின் கையைப் பிடித்து, "ஆமா அண்ணி, நல்லவேளை நீங்க இருந்தீங்க" என்றாள். நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தபடி பதில் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தெருவின் உயிரையெல்லாம் ஒற்றைத் தொண்டையில் தாங்கியவள் நான், பேர் அத்தைக்கா? இரண்டு வாரம் கழித்து தெருவில் பிள்ளைகளுக்கு அம்மை போட்டபோது மட்டும் எல்லா வீட்டிலும் என் பேர் அடிபட்டது.

குரலை யாராலும் செய்ய முடியாது என்று நம்பியிருந்தவளுக்கு, வாத்தியார் வீட்டு வாசலில் அந்த வெகு நேரம் என்னவாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவள் பயந்ததெல்லாம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. அவளுக்கு மட்டும் கேட்கும்படி காதில் பேசுகிறவர்கள் கிளம்பு, கிளம்பு என்று சொல்லியிருப்பார்கள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டே, பயந்துபோன பிள்ளை ஒன்று உள்ளே இருக்கிறது என்று அத்தை பஸ் ரோட்டுக்குப் போகாமல் மேற்கே திரும்பியிருக்கிறாள்.

அதன்பிறகு எங்கள் வீட்டு வாசலில் அத்தை கொஞ்சம் கூடுதலாக நிற்பாள். "பாப்பாதானே? நல்லாருக்கியாடா?" என்று கேட்டுவிட்டு, நான் என்ன சொன்னாலும், "சரி, சரி" என்பாள். பாவம், இவளுக்கு இன்னும் சரியாகவில்லை என்று நினைத்துக்கொண்டு, நானும் எதிர்த்துப் பேசாமல் தினமும் பதில் சொல்லிவந்தேன்.